சைலன்சரைக் கழற்றியதும் தெரிந்தது

மரம் அறுக்கும் மிஷினின் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் கனமே இல்லாமல் வந்தது. கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், போய்விட்டது.

"ஆயில் ஊத்தாம ஓட்டியிருக்கான், சம்பளத்துல பிடிச்சுடுவேன்" என்றார் மிஷினின் முதலாளி. மிஷினை ஓட்டும் தம்பி தலைகுனிந்து நின்றார். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் அளந்து கலக்குகிறவர் அவர்.

மெக்கானிக் அண்ணன் சைலன்சரைக் கழற்றி, ஓட்டை வழியே டார்ச் அடித்தார். பிஸ்டனில் அந்தப் பக்கம் மட்டும் நெடுக்காகக் கீறல். மறுபக்கம் பளபளவென்று இருந்தது.

"ஆயில் இல்லன்னா பெரும்பாலும் சுத்தியும் உரசியிருக்கும்ணே. இது எங்கேயோ காத்து இழுக்குது. பெட்ரோல் பத்தாம சூடாகி பிஸ்டன் பிடிச்சிருக்கு."

பிரித்துப் பார்த்தால், வெளிக்காற்று உள்ளே போகாமல் தடுக்கும் கிரான்க் சீல் தேய்ந்திருந்தது.

இப்படிக் கழற்றிப் பார்க்க ஆளில்லாமல் எத்தனை பேரின் கூலி பிடிபட்டிருக்கும்!

சீலை மாற்றாமல் புது பிஸ்டன் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதுவும் இப்படியே பிடித்துக்கொள்ளும்.