திருச்சாரணத்து மலையைத் தேடிய ஐந்து மாதம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் இருந்து சிதறால் மலையடிவாரத்துக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த மலையின் சமணச் சிற்பங்களுக்கு ஒழுங்கான படங்களைத் திரட்ட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இதே வேலையில் இறங்கும் ஒருவருக்காவது அலைச்சல் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பகுதிநேர ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது அச்சணந்தி என்ற சமண முனிவரை. சிதறால் பாறையில் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் அருகர்) திருமேனிகளின் கீழ் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் கொடையாளர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் இந்த முனிவரின் பெயரும் ஒன்று. மதுரை ஆனைமலையிலும் கொங்கர்புளியங்குளத்திலும் அதே பெயர் உண்டு; தேனிப் பக்கம் உத்தமபாளையத்திலும் உண்டு. ஒரே முனிவர் செய்வித்த உருவங்கள் என்றால், தலைக்கு மேலுள்ள மூன்றடுக்குக் குடையான முக்குடையும் அமர்ந்த நிலையும் ஊருக்கு ஊர் எப்படி மாறுகின்றன? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் மாதம் முழுக்க வீண். ஆங்கிலத்தில் சிதறாலை ஓரிரு எழுத்து குறைத்து எழுதினால் போதும், பாகிஸ்தானின் சித்ரால் பள்ளத்தாக்குப் பனிமலைகள் வரிசையாக வந்து நிற்கும். சரியாக எழுதினால் சுற்றுலாப் பயணிகள் எடுத்த சூரிய அஸ்தமனம். பிறகுதான் உறைத்தது: இந்த மலை தமிழ்நாட்டுக்கு வந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் எழுதப்பட்டதெல்லாம் திருவிதாங்கூர் கணக்கில் கிடக்கிறது. கல் இந்தப் பக்கம், காகிதம் அந்தப் பக்கம். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகத் திறக்கலாம். இரண்டாம் தொகுதியில் டி.ஏ. கோபிநாத ராவ் இங்குள்ள சமணச் சின்னங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே மலையின் பெயர் சிதறால் அல்ல, திருச்சாரணத்து மலை. அதை விதவிதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினோரு வடிவம் தேறியது. அதன் பின்னரே கதவுகள் திறந்தன.

படங்களுக்கு எனக்குப் பெரிதும் கைகொடுத்தவை இரண்டு இடங்கள். ஒன்று, குருகிராமில் உள்ள இந்தியவியலுக்கான அமெரிக்க நிறுவனத்தின் கலை, தொல்லியல் மையம். இந்தியக் கோயில் கட்டடக்கலைக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டவர்கள் இவர்கள்தான். படத்தொகுப்பை இணையத்திலும் பார்க்கலாம். இன்னொன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்கள் உள்ளன, பெரும்பாலும் தென்னாட்டுக் கோயில்கள். திரையில் தெரியும் படம் படிக்கப் போதும். அச்சிட வேண்டுமானால் அனுமதி கேட்டு எழுத வேண்டும். படத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "சிதறால் படம் வேண்டும்" என்றால் யாருக்கும் புரியாது.

ஒரு தொகுப்பில், பெயர் வேண்டாம், சிதறால் என்ற குறிப்புடன் தலைக்கு மேல் பாம்பு குடைபிடிக்கும் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் அருமையான படம் கிடைத்தது. அத்தியாயத்தின் முகப்புக்கே அதை வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், பாம்பின் விரிந்த தலைக்கு மேலே ஒருவன் பாறையைத் தூக்கி நிற்கிறான். தவத்தைக் கலைக்க வந்த கமடன்! எங்கள் மலையில் அவனை நான் கண்டதே இல்லை. படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதியில் போட்டேன். அது கழுகுமலை என்ற வேறொரு சமண மலையின் சிற்பம். என் நெஞ்சு படபடத்துப் போனது. ஊர்க்காரியான நானே ஏமாந்தேன் என்றால், டில்லியிலோ லண்டனிலோ இருந்து பார்ப்பவர் என்ன செய்வார்? அன்று முதல் எந்தப் படத்தையும் கல்லோடு ஒப்பிடாமல் நம்புவதில்லை.

ஆகவே கேமராவும் கையுமாக மலை ஏறினேன். எழுத்துகளுக்கு நேர் வெளிச்சம் எதிரி. உச்சி வெயிலில் அந்தப் பாறை வெறும் பாறைதான். மாலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது வெட்டின் ஒரு கரையில் நிழல் கட்டுகிறது; வட்டெழுத்தின் சுழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அந்த மெல்லிய நிழல் இல்லாமல் பிரித்துப் படிக்க முடியாது. நிழல் நகர்வதற்குள் எடுக்க வேண்டும். "நேரமாகிவிட்டது டீச்சரே" என்று காவலர் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லாமல், நான் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அவருக்கு என் நன்றி.

பல படங்களை இணைத்துக் கணினியில் செய்யும் முப்பரிமாண மாதிரிக்கு அதே மாலை வெயில் உதவவில்லை. மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் எண்பத்து நான்கு படங்களைக் கொடுத்தோம். என் அண்ணன் மகள் திருவனந்தபுரத்தில் பொறியியல் படிக்கிறாள். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி அவளிடம்தான் இருக்கிறது. இரவு முழுக்க ஓடி, காலையில் வந்தது முகம் சிதைந்த ஓர் உருவம். "அத்தை, நிழல் நகர்ந்திருக்கிறது, பாருங்கள்" என்றாள். அடுத்த முறை மேகமூட்டமான காலையில் போய், ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கையாவது மறுபடி காட்டும்படி நகர்ந்து நகர்ந்து எடுத்தேன். இப்போது சமண இயக்கியான அம்பிகையின் காலடிச் சிங்கத்தை மேசையில் இருந்தபடியே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தொடாமல், ஏணி வைக்காமல்.

எல்லாவற்றையும் ட்ராப்பி என்ற இலவச மென்பொருளில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆய்வுப் படங்களுக்காகவே செய்யப்பட்டது. எடுத்தவர், எடுத்த நாள், உரிமை, எண் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. நான் கூடுதலாக ஒரு கட்டம் சேர்த்தேன்: பிற பெயர்கள். சிதறாலுக்கு அதில் பதினோரு வரி இருக்கிறது. ஆனைமலைக்கு இன்னும் மூன்றுதான். பொங்கல் விடுமுறையில் மதுரைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.