இரண்டாவது வாய்

ஊட்டிவிட நீட்டிய அந்த இரண்டாவது வாயை வேண்டாம் என்றது வயிறு நிறைந்ததால்தான் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். எத்தியோப்பியாவில் பஹிர் தார் நகரில் என்னோடு பாடம் நடத்திவிட்டு, இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கும் நண்பர் மட்டும் நம்பவில்லை. "எச்சில்னு கூசியிருப்பீங்க சார்" என்றார். அதுவும் இருக்கலாம். ஆனால் அது மட்டும் இல்லை.

2011 மார்ச் மாதம். எத்தியோப்பியக் காலண்டரில் 2003. ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பு நடந்துகொண்டிருந்தது. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. எங்கள் துறை லேப் டெக்னீஷியன் அந்த நாட்களாகப் பார்த்துத்தான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். "நீங்கள் சைவம். இப்போது நாங்களும் சைவம். எதில் என்ன கலந்திருக்குமோ என்று யோசிக்காமல் சாப்பிடலாம்." நான்கு வருடத்தில் எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தோதான நாள் பார்த்து அழைத்தவர் இவர் ஒருவர்தான்.

பஜாஜில் போனோம். ஆட்டோவுக்கு அங்கே அதுதான் பெயர்.

நோன்பு நாளில் பலர் மதியம் மூன்று மணிவரை எதையும் தொட மாட்டார்கள். அதனால் மூன்றுக்கு மேல்தான் தட்டு வந்தது. ஒரே பெரிய தட்டு, எல்லோருக்கும் சேர்த்து. இன்ஜெராவை நம் ஆட்கள் புளித்த தோசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஆப்பத்துக்குத்தான் கிட்டத்தில் படும். டெஃப் என்ற சிறுதானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பதால் மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். நடுவில் கொண்டைக்கடலை மாவில் செய்த ஷிரோ, ஓரத்தில் மிளகாய்ப் பொடி தூக்கலாகப் போட்ட மைசூர்ப் பருப்பு. அவர் ஒரு துண்டு கிழித்து, ஷிரோவைச் சுருட்டி, விரல் நுனியில் வைத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். இப்படி ஊட்டுவதற்கு அங்கே குர்ஷா என்று பெயர். வாங்கிக்கொண்டேன். ஊட்டிவிடுவது நமக்கு என்ன புதிதா?

உடனே இன்னொன்றைச் சுருட்டினார். நான் நெஞ்சில் கை வைத்து, "போதும்" என்றேன்.

"பெமொத்தே" என்றார். என் சாவின் மேல் ஆணை என்று அர்த்தம். அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "ஒன்றோடு நிறுத்தினால் சண்டை வரும்" என்றார். அங்கே அப்படி ஒரு சொல் உண்டு, எனக்கும் தெரியும். மறுபடியும் போதும் என்றேன். நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம் அந்த வாயைத் தன் மகனுக்கு ஊட்டிவிட்டார்.

என் பை கதவருகே ஆணியில் தொங்கியது. உள்ளே அவருடைய அரையாண்டு மதிப்பீட்டுத் தாள் இருந்தது. நேரம் தவறாமை என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு என்று முதல் நாளே நான் போட்டிருந்தேன்.

அந்த இரண்டும் நியாயமான இரண்டுதானா என்றால், பதிவேட்டில் நான்கு நாள் குறி இருந்தது. அதில் இரண்டு நாள் நிஜமாகவே அவர் தாமதம். மற்ற இரண்டு, நான் போன புதிதில் நடந்தவை. அங்கே கடிகாரம் விடியலிலிருந்து ஓடும். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. "லேப் 2 மணிக்கு" என்று நான் எழுதி ஒட்டினேன். அவர் காலை எட்டுக்கே வந்து திறந்து வைத்து, காத்திருந்து, பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மதியம் இரண்டுக்கு நான் போய்ப் பூட்டைப் பார்த்தேன். அடுத்த வாரமும் அதே கதை. விஷயம் புரிந்தபோது இருவரும் சிரித்தோம். குறியை மட்டும் யாரும் அழிக்கவில்லை. தாளை நிரப்பும்போது குறிகளை எண்ணினேன், அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் எண்ணும்போது அந்த இரண்டு நாளும் ஞாபகம் வரவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.

மதிப்பெண் போட்டு வைத்துக்கொண்டு ஒருவர் கையால் எத்தனை வாய் வாங்குவது? ஒன்றாவது மரியாதைக்கு. இரண்டாவது கடன் மாதிரிப் பட்டது. நேர்மையான ஆள் அப்படித்தான் நடந்துகொள்வான் என்று சில நாள் தோன்றும். அத்தனை நேர்மை இருந்தால் தாளைத் திருத்தியிருக்கலாமே என்று மற்ற நாள் தோன்றும். திங்கட்கிழமை திருத்தாமல்தான் கொடுத்தேன். விருந்து சாப்பிட்டுவிட்டு மார்க்கை ஏற்றினான் என்று பேச்சு வரும் என்பது அன்றைக்குக் கண்டுபிடித்த காரணம். மோசமான காரணம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். சாப்பாடு முடிந்து காபிக்கு உட்கார்ந்தேன். தரையில் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, கூடவே சோளப்பொரி. பாலில்லாத காபியில் அருவதா இலை ஒரு கொத்து. அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவது ஆசீர்வாதம், அதற்குமுன் எழுந்து போகக் கூடாது. பரக்கா குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரவு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

அந்த மதிப்பீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் வழக்கம்போலத் தோளோடு தோள் இடித்து வணக்கம் சொல்வார். வீட்டுக்கு மட்டும் மறுபடி அழைக்கவில்லை. நான் அழைத்தேன், சாம்பார் வைத்தேன், வந்து சாப்பிட்டார். ஊட்டிவிடக் கை நீட்டவா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கரண்டியை எடுத்துப் பரிமாறினேன்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது துறையில் விருந்து வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஊட்டினார்கள். அவரும் வந்தார். ஒரு வாய் கொடுத்தார். அதை மென்று முடிப்பதற்குள் துறைத்தலைவரின் கை குறுக்கே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது டெக்னீஷியன் தட்டருகே குனிந்து இன்ஜெராவைக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்காகவா, தனக்காகவா என்று பார்ப்பதற்குள் இன்னொருவர் முன்னால் வந்து நின்றுவிட்டார்.