தௌரோமாக்கியா: பதிப்போவியத் தேர்வுக்கு நான் படித்த விதம்

பதிப்போவிய (தகட்டிலோ கல்லிலோ வரைந்து காகிதத்தில் அச்சிடும் ஓவியம்) வரலாற்றுத் தாளில் ஸ்பெயினின் காளைச்சண்டைப் படங்கள் பற்றிய கேள்விக்கு முதல் தடவை ஆண்டுகளை மட்டும் அடுக்கினேன். போதாக்குறைக்கு ஸ்பெயின் ஓவியர்களான கோயாவின் படத்தொடரையும் பிக்காசோவின் படத்தொடரையும் குழப்பிவிட்டேன். இரண்டுக்கும் பெயர் ‘லா தௌரோமாக்கியா’ (காளைச்சண்டைக் கலை)தான். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அடுத்த தடவை வேறு மாதிரி படித்தேன்.

எண்களைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். கோயா 1816, மாட்ரிட், 33 படங்கள். பிக்காசோ 1957இல் தகடுகளைச் செய்தார், 1959இல் பார்சிலோனாவில் வெளிவந்தது, 26 அக்வாடின்ட் (தகட்டை அமிலத்தால் அரித்து, கோடாக இல்லாமல் நிழல் பரப்பாக எடுக்கும் அச்சு). கோயா 79 வயதில், 1825இல், பிரான்சின் போர்தோவில் செய்த 4 காளைச்சண்டை லித்தோகிராஃப்களையும் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு போதும்.

அப்புறம் ஒரே ஒரு படத்தோடு உட்காருங்கள். நான் எடுத்தது கோயாவின் 21ஆம் படம். காளை பார்வையாளர் பகுதிக்குள் ஏறிவிட்டது. டொரெஹோன் ஊர் மேயர் அதன் கொம்பில் கிடக்கிறார். ஆட்கள் எல்லாரும் வலது பக்கம் நெருக்கியடிக்க, இடது பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது. படத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து மூன்று தடவை வரைந்தேன். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது: பயம் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. விடைத்தாளில் அதற்கே ஒரு முழுப் பத்தி கொடுத்தேன்.

செய்முறையைத் தனிக் குறிப்பாகப் படிக்காதீர்கள். பிக்காசோ சர்க்கரை கலந்த கரைசலைத் தூரிகையில் தொட்டு நேரே தகட்டில் வரைந்தார். காய்ந்ததும் மேலே வார்னிஷ் பூசி வெந்நீரில் போட்டால், சர்க்கரை இளகி வார்னிஷைத் தூக்கிவிடும். திறந்த இடத்தை அமிலம் அரிக்கும். தூரிகை பட்ட வேகம் அப்படியே அச்சில் விழும். அதனால்தான் அவர் படங்களில் பார்வையாளர் கூட்டம் வெறும் கரும்புள்ளிகளாகத் தெறிக்கிறது. கோயாவிடமோ ஊசியால் இழுத்த கோடுகள், அவற்றின் மேல் அக்வாடின்டின் சாம்பல் நிழல். பட்டறை கிடைத்தால் உள்ளங்கையளவு தகட்டில் இரண்டையும் ஒரு தடவை செய்து பாருங்கள். எனக்கு ஒரு மாதப் படிப்பில் வராத தெளிவு அதில் வந்தது.

இரண்டு தொடரையும் இணைக்கத் திணறுபவர்களுக்குப் பெப்பே இல்லோ என்ற காளைச்சண்டை வீரர் கைகொடுப்பார். பிக்காசோவின் படங்கள் 1796இல் பெப்பே இல்லோ பெயரில் வந்த காளைச்சண்டைக் கையேட்டுக்காகச் செய்யப்பட்டவை. அதே மனிதர் 1801இல் மாட்ரிட் களத்தில் காளை குத்திச் செத்தார். கோயாவின் 33ஆம் படம் அந்தச் சாவுதான். என் விடையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.