மடுவத்துக் குறிப்புகள்: பெப்ரவரி, மார்ச்

பெப்ரவரி 4

பனி. மடுவத்துத் தகரக் கூரை பத்து மணி வரை சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்களே கட்டும் குட்டி விமானத்தில் எதையும் தொடவில்லை.

பெப்ரவரி 5

இரண்டு இறக்கையையும் மாட்டிப் பார்த்தோம். முன் ஸ்பார், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடிப் பாரம் தாங்கும் சட்டம், இரண்டு பக்கமும் அழகாக உட்கார்ந்தது. பின் ஸ்பாரில்தான் வேலை. பாகங்களை அனுப்புகிறவர்கள் அங்கே துளை போட்டு அனுப்ப மாட்டார்கள். இறக்கையை நேர்ப்படுத்திய பிறகு நாமேதான் போட வேண்டும். 5/16 அங்குல போல்ட். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை எந்தப் பக்கமும் 5/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதாவது போல்ட் விட்டத்தின் இரு மடங்கு. குறைந்தால் பாரம் ஏறும்போது ஓரம் கிழியும்.

முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டுகள் தொங்கவிட்டோம். எல்லா நூலும் ஒரே கோட்டில் நின்றால் இறக்கை முன்னே பின்னே சாயவில்லை என்று அர்த்தம். பலகைச் சந்தால் வரும் காற்று நூலை நிற்க விடவில்லை. கழிவு எண்ணெய் டப்பாக்களைக் கீழே வைத்துக் குண்டுகளை அதில் முக்கினோம், ஆட்டம் அடங்கியது. வலது பக்கம் தாராளம். இடது பக்கம் கீழ் ஓரத்தில் மயிரிழைதான் மிச்சம். ட்ரில்லை எடுக்கவில்லை.

பெப்ரவரி 9

அப்பாவுக்கு இருமல் கூடியிருக்கிறது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் திகதி இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13

கெனப்பியின் பெட்டியைத் திறந்தோம், உட்காரும் இடத்துக்கு மேலே மூடும் அக்ரிலிக் கூடு அது. இவ்வளவு பெரிய பொருள், இவ்வளவு தெளிவு. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. சட்டத்தின் மேல் வைத்தால் சுற்றிலும் கூடுதலாக நிற்கிறது. வெட்டித்தான் பொருத்த வேண்டும்.

அக்ரிலிக் குளிரில் விறைத்துப் போகும். வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தால் போதும், அங்கிருந்து விரிசல் ஓடும். 27 பாகையாவது இருக்கட்டும் என்றுதான் இதைக் கட்டியவர்கள் சொல்கிறார்கள். இன்று நண்பகலில் மடுவத்துக்குள் 19.

"ஸ்டோருக்குக் கொண்டுபோவோம் மச்சான், ட்ரையர் பக்கம் எப்பவும் சூடுதானே" என்றான் மச்சான். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. நல்ல யோசனைதான். ஆனால் இது ஒரே தடவையில் வெட்டி முடிகிற வேலை இல்லை. கொஞ்சம் வெட்டி, சட்டத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. சூடு இங்கே வரட்டும்.

பெப்ரவரி 14

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்ரிலிக் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். 20 பாகை ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் அரை மில்லிமீட்டர்கூட நீளாது, அக்ரிலிக் 1.4 மில்லிமீட்டர் நீளும். இங்கே 15 பாகையில் இறுக்கமாகத் திருகிவிட்டு கீழே கொழும்புப் பக்கம் இரத்மலானை விமான நிலைய வெயிலில் நிறுத்தினால் திருகுத் துளையிலிருந்தே வெடிக்கும். அதனால் அக்ரிலிக்கில் துளை திருகைவிடப் பெரிதாக இருக்கணும், திருகு அமர்ந்தால் போதும். மலையில் கட்டுகிறவனுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம்.

அந்த இடது பின் ஸ்பார்.

பெப்ரவரி 21

பொலித்தீன் தாளால் கூடாரம் மாதிரிக் கட்டி உள்ளே ஹீட்டர்கள் வைத்தோம். காலையிலிருந்து ஏறி ஏறி 26. வெட்டும் டிஸ்க்கைக் கையில் எடுத்தேன், கரண்ட் போய்விட்டது. இருட்டும் வரை வரவில்லை. வெளியே வந்து கத்தினேன். யாரைத் திட்டுவது?

பெப்ரவரி 22

பனி.

பெப்ரவரி 27

அப்பா மடுவத்துக்கு வந்தார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மச்சான் தோளைப் பிடித்தபடி. நேரே இடது இறக்கைக்குப் போய், பின் ஸ்பார் நுழையும் கவைக்குள் விரல் வைத்துத் தடவினார். ஒரு பக்கம் இடைவெளி இருந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.8 மில்லிமீட்டர். போல்ட்டை முடுக்கினால் மூடிக்கொள்ளும் என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முடுக்கி மூடுறது பொருத்தம் இல்ல தம்பி. அது இழுத்துக்கிட்டே இருக்கும்" என்றார். ஸ்டோரில் ரோலர் மெஷின்களைப் பிரித்து மாட்டிய கை அது. அவர் சொல்வதுதான் சரி. இழுத்து மூடினால் கவையின் காது வளையும், வளைந்த இழுவை உலோகத்துக்குள்ளேயே தங்கும், பறக்கும்போது வரும் பாரமும் அதன் மேல் ஏறும், ஒருநாள் விரிசல் விடும். இடைவெளியை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துத்தான் நிரப்பணும். மீதித் தகட்டில் வெட்டினோம், அப்பாவே அரம் போட்டார். தள்ளாமல், தட்டாமல் உள்ளே போனது. அரை மணி நேரம் அவர் இருமவே இல்லை.

மார்ச் 2

துளை போட்டாயிற்று. இறக்கையின் சாய்வை ரசமட்டம் வைத்து மறுபடி பார்த்து, நுனியிலிருந்து வாலுக்கு இரண்டு பக்கமும் நாடா பிடித்து, அப்புறம்தான். முதலில் சின்ன பிட், நேராக இறங்க வழிகாட்டும் கட்டை, கடைசியில் துளையைச் சரியான அளவுக்கு வழவழப்பாக்கும் ரீமர். போல்ட் பெருவிரல் அழுத்தத்தில் போனது. ஓரம் தப்பியது! இடது, வலது, இரண்டும்.

மார்ச் 8

வெயில். நிஜமான வெயில். ஹீட்டர் ஒன்றுதான் போட்டோம், கூடாரத்துக்குள் 28. டிஸ்க்கால் வெட்டி, ஓரம் முழுக்க உப்புத்தாள், விரலால் தடவினால் வழுக்கும் வரை. மூன்று பக்கம் படிந்துவிட்டது. பின் வலது மூலை மட்டும் 4 மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது. கையால் அழுத்தினால் படிகிறது. அழுத்தக் கூடாது. முன்பக்கம் இன்னும் கொஞ்சம் எடுத்தால் முழுக் கெனப்பியும் நகர்ந்து மூலை இறங்கலாம். எவ்வளவு எடுப்பது?

மார்ச் 9

திகதி வந்துவிட்டது, நாளைக் காலை கண்டி. சாவியை மச்சானிடம் கொடுத்தாயிற்று. அக்ரிலிக்கில் ஒட்டிய டேப்பை இன்றைக்கே உரிக்கச் சொல்லணும், வெயில் பட்டால் பசை இறுகிவிடும். மூலையைத் தொட வேண்டாம் என்றும் சொல்லணும்.