பழைய தலைநகரிலிருந்து புதிய தலைநகருக்கு: களியக்காவிளை தாண்டும் வாடகைக் கார்

பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே 60 கிலோமீட்டர்கூட இல்லை. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது. 1956 நவம்பர் 1-ல் இரண்டுக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. ஆனாலும் குமரி மாவட்டத்தில் ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். புற்றுநோய் சிகிச்சைக்கு ஆர்.சி.சி., இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்திரா என்றாலும் அங்கேதான். பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. ஆனால் விடிகாலை கல்ஃப் விமானத்துக்குப் பெட்டிகளோடு போகிறவருக்கும், நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய் அன்றே திரும்புகிறவருக்கும் கார்தான் சரிப்படும்.

வண்டி பேசும்போது முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, நம்பர் போர்டு. மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. கறுப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிப் போக எடுக்கும் வண்டி. வெள்ளைப் போர்டு சொந்த வண்டியை ‘தெரிந்த பையன்’ குறைந்த காசுக்கு ஓட்டி வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எல்லையில் மடக்கினால் அபராதம், அது போகட்டும். விபத்து நடந்தால், சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அப்போது எதற்கும் ஆகாது.

அடுத்தது பெர்மிட். டி.என்.74 நாகர்கோவில் வண்டியோ டி.என்.75 மார்த்தாண்டம் வண்டியோ, தமிழ்நாட்டுக்குள் ஓட மட்டும் பெர்மிட் வைத்திருந்தால், கேரளத்துக்குள் போகத் தற்காலிக பெர்மிட் எடுத்து அந்த மாநில வரியும் கட்ட வேண்டும். ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் உள்ள வண்டிக்கு ஒவ்வொரு டிரிப்புக்கும் தனி பெர்மிட் எடுக்கும் வேலை இல்லை. வரியை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் போனிலேயே கட்டிவிடலாம். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் டிரிப்பில் பெர்மிட் தேதியைக் கவனிக்க வேண்டும்: வீட்டை விட்டு இறங்கும் தேதி வேறு, எல்லை தாண்டும் தேதி வேறாக இருக்கும். இந்தக் காசு வாடகைக்குள்ளா வெளியிலா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். அமரவிளை சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போது பேசினால் டிரைவர் சொல்வதுதான் கணக்கு.

வாடகையில் பலருக்கும் புரியாத இடம் ‘டிராப்’. நாகர்கோவிலிலிருந்து ஏர்போர்ட் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். விட்டுவிட்டு வண்டி காலியாகத் திரும்புவதால் 140 கிலோமீட்டருக்குத்தான் காசு. அதனால் டிராப்புக்கும், போய் இரண்டு மணி நேரம் நின்று திரும்புவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பேட்டாவும் வெயிட்டிங்கும்தான் கூடும். கிலோமீட்டர் கணக்கென்றால் மீட்டர் உங்கள் வீட்டு வாசலில் தொடங்குகிறதா, ஷெட்டிலிருந்தா என்று கேளுங்கள். திருவல்லம் டோலும் ஏர்போர்ட் பார்க்கிங்கும் பெரும்பாலும் தனி. கேரளத்தில் பெட்ரோல், டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம் என்பதால் எல்லைக்கு முன்பே பம்பில் நிறுத்துவார்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் கணக்கில் சேருங்கள்.

நான்கு பேருக்கு டிசையர் போதும் என்பார்கள். ஆள் உட்கார இடம் போதும்தான், பெட்டிக்குப் போதாது. சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர்தான் இருக்கும். பெரிய பெட்டி ஒன்று நுழைவதே பாடு. மூன்று பெட்டிக்கு மேல் இருந்தால் இன்னோவா, அல்லது மேலே கேரியர் போட்ட வண்டி.

இனி வழி. பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, எல்லையூர் களியக்காவிளை என்று 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போவது வழக்கமான வழி. பெயர்தான் தேசிய நெடுஞ்சாலை. கடைவீதிகளுக்கு நடுவே, கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளம் போகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு மூச்சு விட முடிகிறது. பகலில் எல்லைக்குப் போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

களியக்காவிளையில் இரண்டு வழி பிரியும். நேரே போனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், சிக்னலும் நெரிசலும். இடப்பக்கம் பூவார் ரோட்டில் திரும்பினால் காரோட்டில் பைபாஸ் கிடைக்கும். காரோடு முதல் கழக்கூட்டம் வரை சுமார் 43 கிலோமீட்டர். விழிஞ்ஞம், கோவளம், திருவல்லம் தாண்டி ஏர்போர்ட் பக்கமே கொண்டு விடும். ஏர்போர்ட், டெக்னோபார்க் என்றால் யோசிக்காமல் பைபாஸ். மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி. போகிறவர்கள் சாக்கையில் பைபாஸை விட்டு இறங்கி ஊருக்குள் வரலாம். குளச்சல், கருங்கல் பக்கத்துக்காரர்கள் மார்த்தாண்டம் வர வேண்டியதே இல்லை. புதுக்கடை, ஊரம்பு வழியே போய் பைபாஸைப் பிடிப்பது நல்லது. அருமனைக்காரர்களுக்குப் பனச்சமூடு வழி உண்டு, ஆனால் இரவில் அந்த வளைவுகள் வேண்டாம்.

எல்லை தாண்டியதும் முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டிருக்க வேண்டும். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமரா அபராதம் போடுகிறது. நோட்டீஸ் வண்டிக்காரர் பெயருக்கு வரும். பிறகு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார். தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் வங்கிச் சீட்டு, நகைக்கு பில் இரண்டும் கையில் இருக்கட்டும்.

ஏர்போர்ட்டில் அதிகம் தவறுவது டெர்மினல். டெர்மினல் 1 கடற்பக்கம், சங்குமுகத்தில். டெர்மினல் 2 சாக்கை பக்கம், பைபாஸை ஒட்டி. நடுவே ஓடுபாதை இருப்பதால் மாறிப் போய்விட்டால் வண்டியில்தான் சுற்றி வர வேண்டும். உள்நாட்டு விமானம் எல்லாமே டெர்மினல் 1-ல்தான் என்று நினைக்காமல் டிக்கெட்டைப் பார்த்து டிரைவரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். ஆகவே நாகர்கோவிலில் பகலில் ஆறு மணி நேரத்துக்கு முன்னும், நடுநிசியில் ஐந்து மணி நேரத்துக்கு முன்னும் கிளம்பலாம்.

வண்டி பேசும் முன் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகிறது. அன்று மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் நாளில் நகரத் தெருவெல்லாம் அடுப்பு, கார் உள்ளே நுழையாது. நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் இதே சாலையில் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை. களியக்காவிளையில் கேரள போலீஸ் மரியாதையோடு எதிர்கொள்ளும். தலைநகர் விட்டுத் தலைநகர் போகும் பயணத்துக்கு இதுவும் ஒரு பழைய உதாரணம். ஆனால் அந்த நாட்களில் தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள்.

திரும்பும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விடுமுறை. மதிய இடைவேளையும் உண்டு. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். நடத்துவது கேரளத் தொல்லியல் துறை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கூட்டிவரும்போது, விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லி வண்டியை வரவைக்காதீர்கள். இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிந்து ஆள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதுவரை ஏர்போர்ட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டி கைக்கு வந்ததும் போன் செய்யச் சொன்னால் பார்க்கிங் காசு மிஞ்சும்.