எனக்கு யார் மாலை போடுவது?

தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 என்று ஏறியது. எதுவானாலும் தேதி வந்தால் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்களைப் போல சொந்தமாக வரிக்கணக்கு பார்ப்பவர்களுக்கு?

மாதம் பிறந்தால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி 3பி என்ற வரி கட்டும் கணக்கு. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிபி வராது. 19-ஆம் தேதி ராத்திரி ஒருவர் மஞ்சள் பையில் பில் கட்டோடு வந்து நிற்பார், சிரித்துக்கொண்டே வேறு. எனக்கு பிரஷர் ஏறும்.

ஏப்ரலிலிருந்து புது வாடிக்கையாளர் கிடையாது. பழைய மளிகைக்கடையும் அச்சகமும் மட்டும் என் கையில், மற்றதெல்லாம் ஜூனியர் தம்பிக்கு. எக்செலில் என்னைவிடக் கெட்டிக்காரன். மதியத்துக்கு மேல் ஆபீஸ் பக்கம் வருவதாக இல்லை.

"அப்ப நாள் பூரா வீட்லயா இருப்பீங்க?" என்கிறார் வீட்டம்மா. குரலில் சந்தோஷம் தெரியவில்லை.

மஞ்சள் பைக்காரர்கள் இனி தம்பிக்கே போன் போடவும்.