ஸ்டியரிங் தண்டும் சேம்பரில் நின்ற தோட்டாவும்

அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிச்சூடு ஒன்று நடந்தால் மறுநாளே ஒரு கேள்வி எழும்: காருக்கு லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்கிறோமே, துப்பாக்கிக்கு ஏன் கேட்பதில்லை? கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத்தான் படுகிறது. சாலை மரணங்களின் கணக்கோடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அது நெருடும். காரினால் வரும் சாவைக் குறைத்ததில் இந்த மூன்றின் பங்கு சிறியது என்பது அந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வரிசையைப் பாருங்கள். நியூயார்க் மாநிலம் 1901ல் கார்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. மாசசூசெட்ஸ் 1903ல் ஓட்டுநர் உரிமம் கொண்டுவந்தது, 1927ல் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. உரிமம் கேட்காமல் கடைசிவரை இருந்த தெற்கு டகோட்டாவும் 1954ல் வழிக்கு வந்தது. அத்தனைக்கும் பிறகு 1966ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் 50,000 பேருக்கு மேல். ஓடிய 10 கோடி மைலுக்கு சுமார் 5.5 மரணம். 2023ல் அந்த விகிதம் 1.26. ஓட்டுநர்கள் நான்கு மடங்கு நல்லவர்களாகிவிட்டதால் வந்த இறக்கம் இல்லை இது.

1966 செப்டம்பரில் போக்குவரத்து, வாகனப் பாதுகாப்புச் சட்டங்கள் கையெழுத்தாகின. அவற்றால் உருவான புதிய சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தலைமைக்கு வந்த வில்லியம் ஹேடன் ஒரு மருத்துவர். விபத்தைக் கொள்ளைநோய் போலப் பார்த்தவர். மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று மூன்று வரிசை போட்டார். எதிரே மனிதன், வாகனம், சூழல் என்று மூன்று பத்தி. ஒன்பது கட்டம். அதுவரை நாடே பார்த்துக்கொண்டிருந்தது ஒரே கட்டத்தை: மோதலுக்கு முன், மனிதன். அதாவது ‘ஒழுங்காக ஓட்டு’ என்ற அறிவுரை. மற்ற எட்டும் காலியாகக் கிடந்தன.

ஸ்டியரிங் தண்டை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் கார்களில் அது ஒரே நீளமான இரும்புக் கம்பி. முன்பக்கம் நசுங்கினால் கம்பி பின்னால் தள்ளப்பட்டு ஓட்டுநரின் மார்பில் இறங்கும். 1968 ஜனவரி முதல் வந்த தரவிதிகள் இரண்டு காரியம் கேட்டன. ஒன்று, மணிக்கு 15 மைல் வேகத்தில் மனித உடல் அளவுள்ள ஒரு கட்டை மோதினால் சக்கரம் திருப்பித் தரும் விசை 2,500 பவுண்டைத் தாண்டக்கூடாது. இரண்டு, 30 மைல் வேகத்தில் சுவரில் மோதினாலும் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக்கூடாது. ஒன்றுக்குள் ஒன்று செருகி மடங்கும் குழாய்கள் இப்படித்தான் வந்தன. குடித்தவன், தூங்கியவன், கவனம் தப்பியவன், யார் ஓட்டினாலும் அந்தக் குழாய் மடங்கும். யாரையும் திருத்தாமலே உயிரைக் காத்தது. பெல்ட், இரட்டை பிரேக் சுற்று, ஏர்பேக், மோதினால் ஒடியும் சாலையோரக் கம்பம் என்று அதே வழியில் ஒவ்வொன்றாக வந்தன.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது பதிவேடு. பொதுச்சாலை விபத்தில் 30 நாளுக்குள் ஒருவர் இறந்தால் அந்த விபத்து 1975 முதல் நாடு முழுக்க ஒரே வடிவத்தில் குறிக்கப்படுகிறது: எந்த இருக்கை, பெல்ட் போட்டிருந்தாரா, ரத்தத்தில் எவ்வளவு மது, எந்த வாகனம். வாகனத்தைச் சொல்வது 17 எழுத்து அடையாள எண். 1981லிருந்து இதே அமைப்பு. முதல் மூன்றும் தயாரிப்பாளர், பத்தாவது மாடல் ஆண்டு, பதினொன்றாவது தொழிற்சாலை. ஒன்பதாவது, சரிபார்ப்பு இலக்கம். மற்ற எழுத்துகளை எண்ணாக்கி, இடத்துக்கான எடையால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே நிற்கும். மீதி 10 என்றால் எக்ஸ். ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் ஐ, ஓ, க்யூ மூன்றும் கிடையாது. மழையில் நின்று காவலர் எழுதிய எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் கணினி அநேகமாக அங்கேயே பிடித்துவிடும். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக்கில், பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, ஊதுகலன் வெடித்து உலோகத் துண்டுகள் பறந்தபோது, சுமார் 6.7 கோடி ஊதுகலன்களைத் திரும்ப அழைக்க முடிந்தது இந்த எண்ணால்தான். புளோரிடா மாதிரிப் புழுக்கமான மாநிலங்களின் கார்களை முதலில் கூப்பிடு என்று வரிசைப்படுத்தவும் முடிந்தது.

இப்போது துப்பாக்கிப் பக்கம் வருவோம். பொம்மை, டோஸ்டர், ஏணி எல்லாவற்றையும் பார்க்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் அதிகார எல்லைக்கு வெளியே. ஒரு மாடல் கீழே விழுந்தால் தானாக வெடிக்கிறது என்று தெரிந்தாலும் ‘திரும்ப அழை’ என்று உத்தரவிட ஃபெடரல் அமைப்பு எதுவும் இல்லை. கம்பெனி தானாக அழைத்தால் உண்டு.

வடிவமைப்பில் எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சேம்பரில் நின்ற தோட்டாவே சாட்சி. செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கியில், தோட்டாக்களை அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றினாலும், ஏற்கெனவே சேம்பருக்குள், அதாவது சுடத் தயாராகக் குழலின் பின்முனைக்குள் ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். ‘மேகசின் வெளியே வந்தாயிற்று, காலிதான்’ என்ற நினைப்பில் விசையை அழுத்தி நடந்த சாவுகள் ஏராளம். வரிசை மாறினாலும் அதே ஆபத்து. துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடை முதலில் இழுத்துப் பழைய தோட்டாவை வெளியேற்றினால், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். அதன் பிறகு மேகசினைக் கழற்றிப் பயனில்லை. மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு, கடைசியில் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. பயிற்சி வகுப்பில் இதை நூறு தடவை சொல்வார்கள். சொல்லவேண்டியதுதான். ஆனாலும் அது ஹேடனின் அந்த முதல் கட்டம் மட்டுமே. சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்டும் குறி, மேகசின் இல்லாவிட்டால் சுடாத பூட்டு, குழந்தையின் கைவலுவுக்கு நகராத விசை ஆகியவை மற்றக் கட்டங்கள். இவை புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிடியை முழுக்க இறுக்கினால்தான் சுடும் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெசன் 1880களிலேயே விற்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1991ல் தற்செயல் மரணங்களைப் பிரித்துப் பார்த்து, குழந்தைப் பூட்டும் தோட்டாக் குறியும் இருந்திருந்தால் 31 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று கணித்தது. மருந்துப் புட்டிக்குக் குழந்தை திறக்கமுடியாத மூடி வேண்டும் என்று அதே நாடு 1970லேயே சட்டம் போட்டிருந்தது.

எண் விஷயத்திலும் இதே கதி. 1968 சட்டத்துக்குப் பிறகு கம்பெனி தயாரிக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் எண் உண்டு. எழுத்து 1/16 அங்குல உயரம், 0.003 அங்குல ஆழம் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. எண்ணுக்குள் ஒழுங்கு கிடையாது. சரிபார்ப்பு இலக்கமும் கிடையாது. இரண்டு கம்பெனிகள் ஒரே எண்ணைப் பொறித்திருக்கலாம். அதனால் கம்பெனி, மாடல், குழல் விட்டம் எல்லாம் சரியாக எழுதினால்தான் தேட முடியும். தேடுவதும் ஒரு பொத்தானில் முடியாது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஃபெடரல் தேடல் மையம் தயாரிப்பாளரைக் கேட்கும். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார். அவர் கடையைக் காட்டுவார். கடைக்காரர், வாங்குபவர் நிரப்பிய 4473 என்ற படிவத்தைத் தேடி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். அத்தோடு நின்றுவிடும். அவர் ஒரே மாநிலத்துக்காரர் இன்னொருவருக்கு விற்றிருந்தால், ஃபெடரல் சட்டப்படி அதற்குப் பின்னணிச் சோதனையும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மூடிய கடைகளின் ஏடுகள் இந்த மையத்துக்கு வந்து சேரும். பெயரைத் தட்டித் தேடும்படி அவற்றை வைக்கக்கூடாது. நாடு தழுவிய பதிவேடே கூடாது என்று 1986ல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலுவோடு சொல்லவேண்டும். காருக்கு உள்ள விதிகள் பொதுச்சாலைக்கானவை. சொந்த நிலத்தில் ஓட்ட உரிமமோ பதிவோ வேண்டாம். கார் வாங்கப் பின்னணிச் சோதனை இல்லை. சிறை போய் வந்தவரும் வாங்கலாம். ஒரு மாநில உரிமம் ஐம்பதிலும் செல்லும். காருக்கு சைலன்சர் கட்டாயம். துப்பாக்கி சைலன்சரோ 1934 முதல் ஃபெடரல் பதிவுக்குள் இருக்கிறது. ‘கார் மாதிரியே நடத்துங்கள், சம்மதம்’ என்று அவர்கள் சொல்வதை வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்க முடியாது. சட்டப்படி சரியான வாசிப்பு அது. தவிர, அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் 2008ல் ஹெல்லர் வழக்கும் 2022ல் ப்ரூயன் வழக்கும் ஆயுதம் வைத்திருப்பதையும் ஏந்துவதையும் தனிமனிதரின் அடிப்படை உரிமை என்று நிறுத்திவிட்டன. கார் ஓட்டுவதற்கு அரசியலமைப்பில் அப்படி ஓர் இடம் இல்லை.

இதைவிட ஆழமான வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. சாலையில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட எவருடைய சாவையும் யாரும் விரும்பியிருக்கவில்லை. 2023ல் துப்பாக்கியால் இறந்த சுமார் 46,700 பேரில் 27,000க்கு மேல் தற்கொலை. மீதியில் பெரும்பகுதி கொலை. தற்செயல் 500க்கு அருகில். இன்ஷூரன்ஸ் யோசனை தடுக்கி விழுவது இங்கேதான். சான் ஹோசே நகரம் 2022ல், அமெரிக்காவிலேயே முதலாவதாக, துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பொறுப்புக் காப்பீடு தற்செயலுக்கு மட்டும்தான் பணம் தரும். வேண்டுமென்று செய்ததற்குத் தராது. ஆக, கொலையையும் தற்கொலையையும் தொடாமல் அந்த 500ஐ மட்டும் தொடுகிறது. தொட்டவரைக்கும் நல்லது, காரில் செய்த வேலையை அது இங்கே செய்யும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது.

உரிமமும் அப்படித்தான். கார் உரிமம் திறமையைச் சோதிக்கிறது. கலிபோர்னியாவின் துப்பாக்கிப் பாதுகாப்புத் தேர்வில் 30 கேள்விக்கு 23 சரியாக எழுதினால் தேர்ச்சி. சேம்பரில் தோட்டா நிற்கும் விபத்துக்கு அது உதவும். நோக்கம் அதில் தெரியாது. கனெக்டிகட் 1995ல் கொண்டுவந்த, வாங்குவதற்கு முன்பான அனுமதி வேறு வகை. விண்ணப்பிக்கவேண்டும், விரல்ரேகை வைக்கவேண்டும், காத்திருக்கவேண்டும். அதன் பிறகு அங்கே துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும், மிசௌரி 2007ல் தன் அனுமதிமுறையை நீக்கிய பிறகு அங்கே கூடியதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த முறையில் வேலை செய்வது நேரமும் நேர்முகமும் என்பதே எங்கள் கணிப்பு. ஃபெடரல் முறையில் மூன்று வேலைநாளுக்குள் சோதனையின் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம். 2015ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைக்கு ஆயுதம் போனது அந்த இடைவெளியில்.

தற்கொலைக்குக் கார் உலகத்திலிருந்து எடுக்கக்கூடியது மடங்கும் தண்டின் தத்துவம்தான். மனிதன் தவறும் நொடியைத் தாண்ட உதவுவது. முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியிலோ பிழைப்பவர் பத்தில் ஒருவர்தான். அதனால் நெருக்கடி நேரத்தில் ஆயுதம் கைக்கு எட்டாமல் இருப்பதே சிகிச்சைக்கு நிகர். இஸ்ரேல் ராணுவம் 2006ல், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்ன பிறகு, தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் இது வேறு வழியில் நடந்தது. 2009ல் ஒருவாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் இறந்தார்கள். கடைக்காரர்களும் பொதுச்சுகாதாரத் துறையினரும் உட்கார்ந்து பேசி, வாடிக்கையாளரிடம் எதைக் கவனிக்கவேண்டும் என்ற கையேட்டையும், நண்பர் நிலைகுலைந்திருந்தால் அவர் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வாங்கி வையுங்கள் என்ற சுவரொட்டியையும் தயாரித்தார்கள். குடித்த நண்பனிடமிருந்து சாவியை வாங்கிவைக்கும் அதே பழக்கம். சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்த இந்த மாதிரி வேலைதான் எங்களுக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

கணக்கு மட்டும் இன்னும் பின்தங்கி நிற்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் பணத்தைச் செலவிடக்கூடாது என்று 1996ல் வந்த டிக்கி திருத்தத்தோடு அந்த மையத்தின் நிதியில் 26 லட்சம் டாலர் வெட்டப்பட்டது. அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் துப்பாக்கிக் காயம் பற்றிய ஃபெடரல் ஆய்வு ஏறக்குறைய நின்றேபோனது. 2020 நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் திரும்ப வந்தது. வன்முறை மரணங்களுக்கான தேசியப் பதிவுமுறை ஐம்பது மாநிலங்களையும் எட்டியது 2018ல். அதன் படிவத்தில் துப்பாக்கி யாருடையது, பூட்டியிருந்ததா, தோட்டா ஏற்றியிருந்ததா என்ற கட்டங்கள் இருக்கின்றன. சம்பவ இடத்தில் காவலர் கேட்டு எழுதாததால் பெரும்பாலும் ‘தெரியவில்லை’ என்றே நிரம்புகின்றன. சாலை விபத்துப் படிவத்தில் பெல்ட் கட்டம் 1975 முதல் இருக்கிறது, நிரப்பவும்படுகிறது. பெல்ட் கட்டாயச் சட்டம் முதன்முதலில் நியூயார்க்கில் வந்தது 1984ல், அந்தக் கட்டத்தில் ஒன்பது வருடக் கணக்கு சேர்ந்த பிறகு.